கார்ட்ரிட்ஜ் தேர்விலிருந்து ஃபோனோ இணைப்பு வரை: எல்.பி. பிளேயரை வரிசை பிசகாமல் அமைக்கும் முறை

ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் சிறு பாகமான கார்ட்ரிட்ஜை மாற்றுவது ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை. வரிசை பிசகினால் ஒரு வாரம் இழுக்கும். ஊசி அழுத்தத்தை அளந்து வைத்துவிட்டுக் கார்ட்ரிட்ஜை நகர்த்தினால் அந்த அழுத்தம் மாறிவிடும். கார்ட்ரிட்ஜை நேர்படுத்திய பிறகு அதைத் தாங்கும் கையான ஆர்மின் உயரத்தைக் கூட்டினால் நேர்படுத்தியது கலைந்துவிடும். ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தொடுவதால் எதை முதலில் தொடுவது, எதற்கு இரண்டாம் முறை திரும்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கழற்றி மாட்டும் ஹெட்ஷெல்லும் (ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் திருகும் பகுதி), பின்னால் திருகி நகர்த்தும் எதிர்எடையும் உள்ள டர்ன்டேபிளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஆடியோ-டெக்னிகா வி.எம்.95இ கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்கிறேன். எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பழைய பெட்டிப் பிளேயர்களில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அதன் சர்க்யூட்டே வேறு என்பதால் கீழே வரும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

1. வாங்குவதற்கு முன் டர்ன்டேபிளைச் சோதியுங்கள்

முதலில் மின்சாரம். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய டர்ன்டேபிள்களில் ஜப்பானியவை 100 வோல்ட், அமெரிக்காவினுடையவை 120 வோல்ட். நம் வீட்டில் இருப்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. பெல்ட் அல்லது ஐட்லர் சக்கரத்தால் ஓடும் பழைய ஏ.சி. மோட்டார்களின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் இங்கே நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதிலாக ஏறத்தாழ 27.8 சுற்றுத்தான் சுற்றும்.

அப்படி ஓடினால் சுருதி மூன்று சுரத்தானத்துக்கும் சற்று அதிகமாக இறங்கிவிடும். ஐந்து கட்டையில் பாடும் பெண் மூன்று கட்டையில் பாடுவதாகக் கேட்கும். இதைக் கேட்டுவிட்டு ஊசி கெட்டுப்போனதாக நினைத்து கார்ட்ரிட்ஜ் வாங்கப் போனவர்கள் உண்டு. தேவை 50 ஹெர்ட்ஸுக்கான கப்பி. ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கிருந்து வரும் பல மாடல்களுக்கு இருவகைக் கப்பியும் உண்டு. டைரக்ட் டிரைவ் மோட்டார்களுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்து ஆர்மின் பேரிங். ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் மிக மெல்ல அசையுங்கள். மூட்டில் ஆட்டம் தெரிந்தால் அந்த ஆர்மில் எந்தக் கார்ட்ரிட்ஜும் சரியாகப் பாடாது. ஊசி படிப்பது நுண்ணிய அசைவை. மூட்டே ஆடினால் அந்த அசைவு அங்கேயே தொலைந்துவிடும். பேரிங்கைச் சரிசெய்ய முடியாதென்றால் கார்ட்ரிட்ஜுக்குச் செலவழிக்காதீர்கள்.

கடைசியாக, கார்ட்ரிட்ஜ் எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மேலிருந்து இரண்டு திருகுகள், இடைவெளி 12.7 மில்லிமீட்டர் என்றால் அது பொதுவான அரை அங்குல முறை. பக்கவாட்டில் ஒரே திருகுடன் பிளக் போலச் செருகியிருந்தால் அது பி-மவுண்ட். அதில் எடையும் நீளமும் தரப்படுத்தப்பட்டிருப்பதால் நேர்படுத்தும் வேலை இல்லை. அந்த வகைக் கார்ட்ரிட்ஜையே தேடி வாங்க வேண்டும்.

2. கார்ட்ரிட்ஜைத் தேர்ந்தெடுத்தல்

முதல் கார்ட்ரிட்ஜ் எம்.எம். வகையாக இருக்கட்டும். அதில் காந்தம் அசைகிறது, ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம், 2.5 முதல் 5 மில்லிவோல்ட் வரை கொடுப்பதால் சாதாரண ஃபோனோ பிரீஆம்ப் போதும். எம்.சி. வகையில் அசைவது கம்பிச்சுருள். பெரும்பாலானவை அரை மில்லிவோல்ட்டுக்குக் கீழேதான் தரும். ஊசி தேய்ந்தால் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டியிருக்கும். எம்.சி. உயர்ந்தது என்ற பேச்சு கடைகளில் அதிகம் கேட்கும். சரியாக அமைத்த நடுத்தர எம்.எம்., அரைகுறையாக அமைத்த விலையுயர்ந்த எம்.சி.யைவிட நன்றாகவே கேட்கும்.

பணத்தை ஊசியின் வடிவத்தில் போடுங்கள். உருண்டை முனை ஊசி விலை குறைவு, அமைப்பதில் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் தட்டின் உட்பகுதியில், அதாவது கடைசிப் பாடலில், தடம் நெருக்கமாகும்போது உச்ச ஒலிகளைத் தவறவிடும். நீள்வட்ட முனை நல்ல நடுவழி. மைக்ரோலீனியர் போன்ற கூர்வடிவங்கள் கடைசிப் பாடலையும் முதல் பாடலைப் போலவே தரும், ஆனால் நேர்படுத்தலில் அரை மில்லிமீட்டர் பிழையையும் மன்னிக்காது.

வி.எம்.95 வரிசையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான். உடல் ஒன்று, ஊசிகள் பல. இன்று நீள்வட்ட ஊசியோடு தொடங்கிக் கை பழகியதும் அதே உடலில் மைக்ரோலீனியர் ஊசியைச் செருகிக்கொள்ளலாம். ஊசியின் ஆயுளுக்கு ஆடியோ-டெக்னிகா தரும் கணக்கு நீள்வட்டத்துக்குச் சுமார் 300 மணி நேரம், மைக்ரோலீனியருக்கு 1000. விலையை மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்பது தலைகீழாகலாம்.

அடுத்தது ஆர்முக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் இடையிலான பொருத்தம். ஊசியைத் தாங்கும் ரப்பரின் இளக்கமும் ஆர்மின் எடையும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் தாமாக ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஆர்ம் துள்ளும். மேலே போய் 20 ஹெர்ட்ஸை நெருங்கினால் மிருதங்கத்தின் அடித்தொப்பியில் குழப்பம் வரும்.

கணக்கு எளிது. ஆர்மின் பயனுறு எடை (ஊசி முனையில் உணரப்படும் ஆர்மின் எடை), கார்ட்ரிட்ஜ் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதை, கார்ட்ரிட்ஜின் விவரத்தாளில் கம்ப்ளையன்ஸ் என்று தரப்படும் இளக்க எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 ஆர்மின் பயனுறு எடை 12 கிராம். ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் 7.2 கிராம். திருகுகளோடு மொத்தம் 20 என்று வைத்துக்கொள்ளலாம். அதன் இளக்க எண் 20. பெருக்கினால் 400, வர்க்கமூலம் 20, விடை சுமார் 8 ஹெர்ட்ஸ். ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் விளிம்பில் நிற்கிறது. இதைவிடக் கனமான ஹெட்ஷெல் வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்கள் பல, இளக்கத்தை 100 ஹெர்ட்ஸில் அளந்து அச்சிடுகின்றன. கணக்குக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் அளவு. டெனான் டி.எல்-103-க்கு அச்சிட்டிருக்கும் எண் 5. அப்படியே போட்டால் அதே ஆர்மில் 15 ஹெர்ட்ஸ் வந்து பயமுறுத்தும். 100 ஹெர்ட்ஸ் எண்ணை ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை பெருக்கிக்கொள்வது வழக்கம். இரண்டால் பெருக்கினால் விடை 11 ஹெர்ட்ஸுக்கு அருகில் வந்துவிடும்.

பழைய கார்ட்ரிட்ஜை "பெட்டி பிரிக்காதது" என்று யாராவது விற்றால் யோசியுங்கள். ஊசி தேயாமலிருக்கலாம். அதைத் தாங்கும் ரப்பர், பெட்டிக்குள் இருந்தாலும் இறுகிப்போகும். ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்தியது. அதன் பழைய மாடல்களுக்கு இன்று கிடைப்பவை பெரும்பாலும் மற்றவர்கள் செய்யும் மாற்று ஊசிகள். தரம் ஆளுக்கு ஆள் மாறும்.

3. ஃபோனோ பிரீஆம்பைப் பொருத்திப் பார்த்தல்

எல்.பி. வெட்டும்போது தாழ் ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். 1950-களின் நடுவிலிருந்து ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்ற ஒரே அளவுகோல் இதற்குப் பொதுவானது. ஃபோனோ பிரீஆம்பின் வேலை இரண்டு: அந்த வளைவைத் தலைகீழாக்கிச் சமன் செய்வது, மில்லிவோல்ட்டைப் பெருக்குவது. இது இல்லாமல் ஆக்ஸ் துளையில் செருகினால் ஒலி சன்னமாகவும் அடி ஒலி இல்லாமல் தகரம்போலவும் வரும்.

இதற்கு நேர்மாறான பிழையும் அடிக்கடி நடக்கிறது. இன்றைய டர்ன்டேபிள்கள் பலவற்றில் உள்ளேயே பிரீஆம்ப் உண்டு. பின்புறம் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது லைனில் இருக்க, வெளியே இன்னொரு பிரீஆம்பையும் போட்டால் ஒலி இருமுறை பெருகி உடைந்து, அடி ஒலி உருளும். ஒன்று மட்டுமே இயங்க வேண்டும்.

பெருக்கம் எம்.எம்.முக்கு 40 டெசிபல் போதும். அது நூறு மடங்கு. வி.எம்.95இ தரும் 4 மில்லிவோல்ட் 0.4 வோல்ட் ஆகும். டி.எல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். அதற்கு 60 டெசிபல், ஆயிரம் மடங்கு வேண்டும். எம்.எம். துளையில் செருகி வால்யூமைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும்.

எம்.எம்.முக்கான மின்தடை எல்லாவற்றிலும் 47 கிலோஓம். பார்க்காமல் விடப்படுவது கெப்பாசிட்டன்ஸ். வி.எம்.95 கேட்பது 100 முதல் 200 பிக்கோஃபாரட் வரை. 2எம் ரெட் கேட்பது 150 முதல் 300 வரை. இதில் ஆர்மின் உள் ஒயர், கேபிள், பிரீஆம்ப் மூன்றும் அடக்கம். கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் சேர்க்கும் என்று கொள்ளலாம். இரண்டு மீட்டர் கேபிள், உள்ளே 200 வைத்த பிரீஆம்ப் என்றால் ஆடியோ-டெக்னிகாவின் எல்லை தாண்டிவிடுகிறது. உச்ச ஒலியில் ஒரு மேடு எழும்பி, ஜால்ரா காதைக் குத்தும். நீளம் குறைந்த கேபிள் வாங்குவது இதற்கு மலிவான மருந்து.

4. மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை

சிறிய திருப்புளி, மூக்குக் குறடு, ரசமட்டம், ஊசி அழுத்தம் பார்க்கும் டிஜிட்டல் தராசு, இரு புள்ளிக் கோணமானி (கார்ட்ரிட்ஜை நேர்படுத்துவதற்காகப் புள்ளிகளும் கோடுகளும் அச்சிட்ட தாள்), டார்ச், பூதக்கண்ணாடி, ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி.

தராசு இல்லாமல் தொடங்காதீர்கள். எதிர்எடையில் அச்சிட்டிருக்கும் எண்கள் பழைய ஆர்ம்களில் கணிசமாகப் பொய் சொல்லும். எம்.சி. என்றால் திருப்புளி காந்தத்தில் ஒட்டாத உலோகமாக இருக்கட்டும். அவற்றின் காந்தம் வலுவானது. இரும்புத் திருப்புளி கையிலிருந்து பாய்ந்து ஊசியின்மேல் போய் நிற்கும்.

கோணமானியை இணையத்தில் எடுத்து அச்சிடுவதானால் அச்சு அளவு நூறு சதவீதம் என்று வைத்து எடுங்கள். நடுத்துளையிலிருந்து புள்ளிகள் 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் இருக்கின்றனவா என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் "பக்கத்துக்குப் பொருத்து" என்று அச்சிட்டுக் கொடுத்த தாள் சில மில்லிமீட்டர் சுருங்கியிருக்கும். அதை வைத்துச் செய்யும் வேலை முழுவதும் வீண்.

5. ஒயர் மாட்டுதலும் திருகுதலும்

ஊசியைக் கழற்ற முடியும் என்றால் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். முடியாதென்றால் மூடி போட்டே வைத்திருங்கள். உடைந்த ஊசிகளில் பெரும்பங்கு பாடும்போது உடைவதில்லை, மாட்டும்போதுதான் உடைகின்றன.

நான்கு ஒயர்கள்: வெள்ளை இடது நேர், நீலம் இடது எதிர், சிவப்பு வலது நேர், பச்சை வலது எதிர். கார்ட்ரிட்ஜின் பின்புறத்தில் அதே நிறங்களோ எழுத்துகளோ இருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காமல், முனையில் உள்ள சின்ன உலோகக் கவ்வியை மூக்குக் குறடால் பிடித்துச் செருகுங்கள். கவ்வி தளர்ந்திருந்தால் ஒரு பல்குச்சியை உள்ளே விட்டு வெளியிலிருந்து மெல்ல நசுக்குங்கள். குச்சி இல்லாமல் நசுக்கினால் தட்டையாகிவிடும். கார்ட்ரிட்ஜின் முனைகளில் நேரடியாக ஈயப்பற்று வைக்கவே கூடாது. அந்தச் சூடு உள்ளே உள்ள மயிரிழைக் கம்பியை அறுத்துவிடும்.

திருகுகளை இப்போது முழுவதும் இறுக்க வேண்டாம். தள்ளினால் நகர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். அந்த அளவு போதும். ஹெட்ஷெல்லின் நீண்ட துளையில் நடுவாக நிறுத்துங்கள்.

6. மட்டம் பார்த்தல்

மேசையை அல்ல, சுழல்தட்டை மட்டம் பாருங்கள். ரசமட்டத்தை இரண்டு திசையிலும் வைத்துக் காலடித் திருகுகளைத் திருப்புங்கள். ஆர்ம் சமநிலையில் மிதக்கும் ஒன்று. சுழல்தட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஆர்ம் அந்தப் பக்கம் ஒதுங்கும், பிறகு ஆன்டி-ஸ்கேட்டிங்கில் (ஆர்ம் மையத்தை நோக்கி இழுபடுவதை எதிர்க்கும் அமைப்பு) நீங்கள் எதைத் திருத்துகிறீர்கள் என்றே தெரியாது.

ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே பலகையில் இருக்கக் கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வை ஊசி மீண்டும் படிக்கும். வால்யூம் கூடும்போது அடி ஒலி குமுறினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

7. தோராயமாக ஊசி அழுத்தம்

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சமநிலையில் மிதக்கும் ஆர்மைத் தலைக்கு மேல் சுழலும் விசிறியின் காற்றே ஏற்றி இறக்கும். நூறில் ஒரு கிராம் காட்டும் தராசும் அந்தக் காற்றில் ஒரு நிலையில் நிற்காது. நம் ஊரில் இந்த ஒரு காரணத்தாலேயே பாதிப் பேர் ஆர்ம் கெட்டுவிட்டதாக நினைக்கிறார்கள்.

ஊசியை மாட்டி, மூடியைக் கழற்றி, ஆன்டி-ஸ்கேட்டிங்கைச் சுழியத்தில் வையுங்கள். எதிர்எடையைத் திருகி ஆர்ம் தட்டுக்கு இணையாக மிதக்கும் நிலைக்குக் கொண்டு வாருங்கள். எடையை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் சுழியத்துக்குத் திருப்புங்கள். பிறகு எடையும் வளையமும் சேர்ந்து திரும்பும்படி 2 என்ற எண்ணுக்குக் கொண்டுவந்து தராசில் சரிபாருங்கள். எடையையும் வளையத்தையும் குழப்பிக்கொள்வது இந்தக் கட்டத்தின் நிரந்தரப் பிழை.

இது இறுதி அளவு இல்லை. ஆனாலும் இப்போதே செய்வதற்குக் காரணம் உண்டு. அழுத்தம் விழும்போது ஊசியைத் தாங்கும் கேன்டிலீவர் சற்று மேலெழும், ஊசி முனை சற்று முன்னே போகும். பாடும்போது இருக்கும் அழுத்தம் இல்லாமல் நேர்படுத்தினால் பாடும்போது இல்லாத ஓர் இடத்துக்கு நேர்படுத்தியவராவீர்கள்.

8. நேர்படுத்துதல்

வேலையின் மையம் இது. அவசரப்படாதீர்கள்.

தட்டு வெட்டும் இயந்திரத்தில் வெட்டுமுனை நேர்கோட்டில் உள்ளே போகிறது. உங்கள் ஆர்ம் ஒரு மூட்டைச் சுற்றி வில்லாக வளைந்து போகிறது. எனவே தட்டு முழுவதும் ஊசி தடத்துக்கு நேராக நிற்க வழியில்லை. இரண்டு இடங்களில் மட்டும் முற்றிலும் நேராக நிற்கும்படி செய்து, மற்ற இடங்களில் பிழையைச் சிறிதாக்குகிறோம். அந்த இரண்டு இடங்கள்தான் கோணமானியில் உள்ள புள்ளிகள்.

முதலில் வெளிப்புள்ளி. ஊசியை மிக மெல்ல அதன்மேல் இறக்குங்கள். தட்டு சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கேன்டிலீவர் கோடுகளுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விலை குறைந்த கார்ட்ரிட்ஜ்களில் கேன்டிலீவர் உடலுக்குச் சற்றுக் கோணலாகவே ஒட்டப்பட்டிருக்கும். தடத்தில் ஓடப்போவது கேன்டிலீவர்தான். கோணலாகத் தெரிந்தால் கார்ட்ரிட்ஜைத் திருப்பி இணையாக்குங்கள்.

இப்போது உள்புள்ளி. எதையும் திருப்பாமல் ஊசியை அங்கே இறக்குங்கள். கேன்டிலீவரின் முன்முனை நடுமுளைப் பக்கம் சாய்ந்து தெரிந்தால் கார்ட்ரிட்ஜ் பின்னால் இருக்கிறது. அதை முன்னே தள்ளுங்கள். வெளிப்பக்கம் சாய்ந்து தெரிந்தால் பின்னே இழுங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் நகர்த்த வேண்டாம். நகர்த்திய பிறகு மீண்டும் வெளிப்புள்ளிக்குப் போய்த் திருப்பிச் சரிசெய்யுங்கள். மீண்டும் உள்ளே வாருங்கள்.

புதியவர்கள் தவறுவது இங்கேதான். உள்புள்ளியில் கோணல் தெரிந்தவுடன் கார்ட்ரிட்ஜைத் திருப்பிவிடுகிறார்கள். உடனே வெளிப்புள்ளி கெடுகிறது. அங்கே போய்த் திருப்புகிறார்கள், உள்ளே கெடுகிறது. இப்படியே ஒரு மணி நேரம் போகும். வெளிப்புள்ளியில் திருப்பு, உள்புள்ளியில் நகர்த்து: இதைப் பிடித்துக்கொண்டால் நான்கைந்து சுற்றில் இரண்டிலும் நேராகிவிடும்.

முடிந்ததும் கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லுக்குள் சற்றுத் திரும்பியிருப்பதாகத் தெரியலாம். கண்ணுக்கு அழகாக இல்லை என்று அதை நேராக்கிவிடாதீர்கள். டெக்னிக்ஸ் ஆர்மில் ஹெட்ஷெல்லின் இருக்கையிலிருந்து ஊசி முனை வரை 52 மில்லிமீட்டர் என்று வைக்கும் முறையும் உண்டு. அது அந்த நிறுவனம் தேர்ந்த வேறொரு கணக்கு, அதுவும் சரியே. ஒன்றைப் பாதியும் மற்றதைப் பாதியும் பின்பற்றுவதுதான் தவறு.

திருகுகளை இப்போது இறுக்குங்கள். இடது ஒரு கால் சுற்று, வலது ஒரு கால் சுற்று என்று மாறி மாறி. ஒன்றை ஒரேயடியாக இறுக்கினால் கார்ட்ரிட்ஜ் அதோடு திரும்பும். இறுக்கிய பிறகு இரண்டு புள்ளிகளையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

9. உயரமும் சாய்வும்

வழக்கமாகப் பாடும் ஒரு தட்டின்மேல் ஊசியை இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். ஆர்ம் தட்டுக்கு இணையாக இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். உயரம் மாற்றும் வசதி இல்லாத ஆர்ம்களில் விரிப்பின் தடிமனை மாற்றலாம். ஒலி மந்தமாக இருந்தால் பின்பகுதியைச் சற்று உயர்த்துவதும், கூர்மையாகக் குத்தினால் தாழ்த்துவதும் மரபு. உருண்டை முனையில் இந்த வேறுபாடு காதுக்கு எட்டாது. அதற்காக இரவு முழுக்க உட்கார வேண்டாம். உயரத்தை மாற்றியிருந்தால் கோணமானியின் இரண்டு புள்ளிகளையும் மீண்டும் பார்த்துவிடுங்கள்.

சாய்வுக்குச் சின்னக் கண்ணாடியைத் தட்டின்மேல் வைத்து அதன்மேல் ஊசியை இறக்குங்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது கார்ட்ரிட்ஜும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். உடைந்து வளைந்த கோடாகத் தெரிந்தால் ஹெட்ஷெல்லைச் சற்றே திருப்ப வேண்டும். சாய்வு பிசகினால் இடதும் வலதும் ஒன்றோடொன்று கலக்கும்.

10. இறுதி அழுத்தம், ஆன்டி-ஸ்கேட்டிங்

கார்ட்ரிட்ஜ் நகர்ந்திருப்பதால் அழுத்தம் மாறியிருக்கும். மீண்டும் அளந்து வையுங்கள். தராசின் தட்டு ஏறக்குறைய தட்டின் மேற்பரப்பு உயரத்தில் இருக்கட்டும். உயரமான தராசு சில ஆர்ம்களில் தவறான எண் காட்டும். வி.எம்.95இ-க்கு அனுமதி 1.8 முதல் 2.2 கிராம் வரை, சரியளவு 2.

குறைவாக வைத்தால் தட்டு தேயாது என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. நடப்பது வேறு. அழுத்தம் போதாத ஊசி உரத்த இடங்களில் தடத்தின் சுவரை விட்டு எழும்பி மீண்டும் மோதுகிறது. அந்த மோதல்தான் சுவரைச் சிதைக்கிறது. சரியளவில் அல்லது அதற்கு ஒரு துளி மேலே வையுங்கள்.

வளைந்த ஆர்ம் பாடும்போது தட்டின் மையத்தை நோக்கி இழுபடும். அதை எதிர்ப்பதற்குத்தான் ஆன்டி-ஸ்கேட்டிங். அழுத்தத்தின் எண்ணையே அதிலும் வைத்துத் தொடங்குங்கள். பிறகு ஒரு தட்டின் கடைசிப் பாடலைக் கேளுங்கள். ‘ச’, ‘ஷ’, ‘ஸ’ வரும் இடங்களில் வலது ஸ்பீக்கர் மட்டும் சீறினால் வெளிச்சுவரில் பிடிப்பு போதவில்லை என்று பொருள், சற்றுக் கூட்டுங்கள். இடது சீறினால் குறையுங்கள். இரண்டும் சமமாகச் சீறினால் நேர்படுத்தலைச் சந்தேகியுங்கள், அல்லது அந்தத் தட்டை. பலர் இரவல் வாங்கி ஓட்டிய பழைய சினிமா எல்.பி. ஒன்றை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். கனத்த செராமிக் ஊசிகள் ஏற்கெனவே உழுத தடத்தை எந்த அமைப்பாலும் மீட்க முடியாது.

11. எர்த்தும் ஹம்மும்

டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை பிரீஆம்பின் எர்த் திருகில் மாட்டுங்கள். மாட்டாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் ஹம் கேட்கும். உள்ளேயே பிரீஆம்ப் உள்ள சில மாடல்களில் இந்த ஒயரே இருக்காது, அது குறையல்ல.

மாட்டியும் ஹம் இருந்தால் ஒவ்வொன்றாக விலக்குங்கள். டர்ன்டேபிள் கேபிளை பிரீஆம்பிலிருந்து உருவுங்கள். ஹம் நின்றால் காரணம் டர்ன்டேபிள் பக்கம். நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபையர் பக்கம். ஆர்ம் தட்டின் குறுக்கே நகரும்போது ஹம் கூடிக் குறைந்தால் மோட்டாரின் அல்லது அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் கார்ட்ரிட்ஜில் ஏறுகிறது. ஆம்ப்ளிஃபையரை இரண்டு அடி தள்ளி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஹம் என்றால் ஹெட்ஷெல்லுக்குள் ஓர் ஒயர் தளர்ந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் போகாவிட்டால் சுவரில் உள்ள மூன்றாம் துளையில் உண்மையிலேயே எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் துளை மட்டும் இருக்கும், அதன் பின்னே ஒன்றும் இருக்காது.

பிறகு ஒரு மோனோ தட்டைப் போட்டுக் கேளுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பரவி, அடி ஒலியும் மெலிந்தால் ஒரு பக்கத்தின் நேரும் எதிரும் மாறியிருக்கின்றன. ஐந்தாம் கட்டத்துக்குத் திரும்புங்கள்.

12. 78 தட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு

எல்.பி. ஊசியால் 78 தட்டைப் பாட வைக்காதீர்கள். அதன் தடம் அகலமானது, எல்.பி. ஊசி அடியில் உள்ள குப்பையில் உருண்டு இரைச்சலை மட்டும் தரும். தேவை மூன்று மில், அதாவது சுமார் 75 மைக்ரான் முனை. வி.எம்.95 உடலுக்கே 78-க்கான ஊசி தனியாகக் கிடைக்கிறது; அதன் அழுத்தம் வேறு என்பதால் மாற்றும்போதெல்லாம் தராசை எடுக்க வேண்டும். இரண்டாவது ஹெட்ஷெல்லில் இன்னொரு உடலோடு வைத்துக்கொள்வது நல்லது.

1950-க்கு முந்தைய 78 தட்டுகள் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவில் வெட்டப்பட்டவை அல்ல. உச்ச ஒலி அமுங்கிக் கேட்டால் ஆம்ப்ளிஃபையரின் டிரெபிளைக் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தத் தட்டுகள் அரக்குக் கலவை. ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் அவற்றைக் கரைக்கும்; காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

13. அமைத்த பிறகு

வேகத்தைச் சரிபார்க்க 180 கோடுகள் உள்ள ஸ்ட்ரோப் வட்டு போதும். பழைய பாலாஸ்ட் டியூப்லைட் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நின்றால் 33⅓ சரி. எல்.இ.டி. விளக்குகள் பல அப்படி மினுக்காததால் ஒன்றும் தெரியாது. 216 கோடுகள் உள்ள வட்டு 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது.

ஊசியைத் துடைக்கும் தூரிகையைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும் இழுங்கள். தட்டு ஓடும் திசை அது. எதிர்த்திசையில் இழுத்தால் கேன்டிலீவர் மடியும். மழைக்காலத்தில் உறைக்குள் இருக்கும் தட்டுகளில் வெண்பூஞ்சை படரும். அந்தத் தட்டைக் கழுவாமல் போட்டால் ஒரு பக்கம் முடிவதற்குள் ஊசியில் பஞ்சு உருண்டை சேர்ந்துவிடும்.

பாடிய நேரத்தைத் தோராயமாகவாவது ஒரு தாளில் குறித்து வையுங்கள். தினம் ஒரு எல்.பி. என்றால் நீள்வட்ட ஊசியின் 300 மணி நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் வருடத்தில் முடிந்துவிடும். ஊசி மாற்றியதும் அழுத்தத்தை அளந்து, கோணமானியின் இரண்டு புள்ளிகளிலும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். உடல் அதே இடத்தில் இருந்தாலும் புது ஊசியின் கேன்டிலீவர் பழையதைப் போலவே ஒட்டப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது.